அன்று படிகம் வரவில்லை!

கெமிக்கல் பிரிவுக்காரன் மலரில் எழுதினால் ஃபார்முலாதான் வரும் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஃபார்முலா கொஞ்சம் வரும். கூடவே என் அப்பாவும் வருவார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அட்மிஷன் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதிக் கொடுத்தவன் நான். தினமும் சாப்பிடும்போது, "இன்னிக்கு என்னப்பா சொல்லிக் குடுத்தாங்க?" என்பார். "கெமிஸ்ட்ரிப்பா" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்குப் புரியாது என்று நினைத்தேன். உண்மையில் எனக்கே புரியவில்லை! பள்ளியில் தமிழ் மீடியம். இங்கே எல்லாம் மனப்பாடம்தான்.

மாடல் பிராக்டிகல் அன்று எனக்கு வந்தது நிறமில்லாத ஒரு திரவம். டி.என்.பி. கரைசல் விட்டதும் ஆரஞ்சு நிற வீழ்படிவு. ஆக, கார்பனைல் தொகுதி உண்டு. டாலன்ஸ் கரைசலில் வெள்ளி ஆடி வரவில்லை. ஆக, கீட்டோன். அடுத்து, தெவிட்டிய சோடியம் பைசல்பைட் கரைசல். குலுக்கினேன், ஐஸில் வைத்தேன். பக்கத்து நண்பனுக்கு வெள்ளை வெளேரென்று படிகம். எனக்கு ஒன்றுமே இல்லை.

"டேய், என்னதுல கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கடா" என்றான். மறைக்காமல் சொல்கிறேன், போட்டிருப்பேன். அதற்குள் சார் வந்துவிட்டார்.

"படிகம் வரலை சார்."

"ஏன் வரலை?"

"ஸ்டெரிக் ஹிண்ட்ரன்ஸ் சார்." மனப்பாடம் கைகொடுத்தது.

"அப்படின்னா?"

வாய் திறக்கவில்லை.

சார் திட்டவில்லை. "உனக்குக் கொடுத்தது டை எத்தில் கீட்டோன். அவனுக்கு அசிட்டோன். படிகம் வராததுதான்யா உன் விடை!" என்று சொல்லி, ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

கீட்டோனில் கார்பனைல் கார்பன் தட்டையாக இருக்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் அந்தக் கார்பனில் கொஞ்சம் நேர்மின் தன்மை. கருக்கவர் பொருள் அதைத் தேடி மேலிருந்தோ கீழிருந்தோ, சுமார் 107 டிகிரி சாய்வில் வருகிறது. சேர்ந்ததும் தட்டையான கார்பன் நான்முகியாகிறது. 120 டிகிரியில் விலகி நின்ற தொகுதிகள் 109 டிகிரிக்கு நெருங்குகின்றன. அசிட்டோனில் இரண்டு பக்கமும் சின்ன மெத்தில். டை எத்தில் கீட்டோனில் இரண்டு பக்கமும் ஒரு கார்பன் கூடுதல். பைசல்பைட்டோ கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜனைச் சுமந்து வருகிற குண்டு ஆசாமி. வரவும் வழியில்லை, வந்தால் உட்காரவும் இடமில்லை. இதுதான் கொள்ளிடத் தடை. ஒரே நிலைமையில் ஒரு மணி நேரம் விட்டால் அசிட்டோன் சுமார் 56 சதவீதம் வினைபுரியும், மெத்தில் எத்தில் கீட்டோன் 36, டை எத்தில் கீட்டோன் வெறும் 2! மெத்திலும் எத்திலும் எலக்ட்ரானைத் தள்ளுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் இடத்தில்தான்.

போகும்போது சார் ஒரு கேள்வி போட்டார். "டி.என்.பி. பைசல்பைட்டைவிடப் பெரிய மூலக்கூறு. அது மட்டும் எப்படி நுழைஞ்சுது? யோசிச்சுட்டு வா."

அன்று ராத்திரி அப்பா வழக்கம்போலக் கேட்டார். முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டவர், "குடோன் வாசல்ல ரெண்டு பக்கமும் சரக்கை அடுக்கிட்டா மூட்டையோட உள்ள போக முடியாது. அதானே?" என்றார். அதேதான்! சாரின் கேள்வியையும் சொன்னேன். "பெரிய சாமான்னா என்னப்பா? ஒல்லியான முனையை முன்னால விட்டா நுழைஞ்சிட்டுப் போகுது" என்றார் சாதாரணமாக.

புத்தகத்தைப் புரட்டினேன். டி.என்.பி.யின் பென்சீன் வளையம் பெரிதுதான். ஆனால் வினைபுரியும் முனை ஒல்லியான ஒரு நைட்ரஜன், இரண்டே ஹைட்ரஜன்களுடன்!

மறுநாள் வகுப்பில் சொன்னேன். "பாதி சரி" என்றார் சார். "மீதியையும் கேட்டுக்கோ. சேர்ந்த பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போயிடும். கார்பன் மறுபடி தட்டையாகும், நெரிசல் குறையும். வீழ்படிவாப் பிரிஞ்சிடறதால வினை திரும்பவும் முடியாது. ஆமா, இது யார் சொன்னது?"

"எங்க அப்பா சார்."

"என்ன பண்றார்?"

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வியாபாரம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"மார்க்கெட்ல மூட்டை தூக்குறார் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சார், "அவருக்கு நன்றி சொன்னேன்னு சொல்லு" என்றார். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

நண்பர்களே! என் ரெக்கார்டு நோட்டில் 'படிகம் வரவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்கள் சோதனைக்குழாயிலும் ஒருநாள் வராமல் போகலாம். பக்கத்து டேபிளில் கடன் வாங்காதீர்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சாரிடம் கேளுங்கள், வீட்டிலும் கேளுங்கள்.