இடம் சொன்னவன்

மரையைச் சுட்டது நான் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் நல்ல மனிதனாக உலவினேன். துவக்கைத் தொட்டதில்லை, கம்பிச் சுருக்கு வைத்ததில்லை. இடம் மட்டும் சொன்னேன். நக்கிள்ஸ் மலையில் வேட்டையின் முக்கால் பங்கு இடம் சொல்வதுதான் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவஸ்டன் பக்கம் ஏறும் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மரை என்ற பெரிய மான் புதிதல்ல. இருட்டியதும் தேயிலைக்குள் இறங்கும், விடியுமுன் காட்டுக்குள் போய்விடும். பெட்டையும் குட்டியும் எப்போதாவது கண்ணில் படும். முற்றிய கொம்பன் படாது. அது தனியாகத் திரியும். பகலில் படுத்துக் கிடக்கும். எங்கே படுக்கிறது என்பதில்தான் அதன் புத்தி முழுக்க இருக்கிறது. மலை உச்சியில் படுத்தால் வானத்துக்கு எதிரே உருவம் தெரியும். பள்ளத்தின் அடியில் படுத்தால் எதுவும் தெரியாது. அதனால் முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று அடிக்காத பக்கத்தில், மானாப்புல் முடிந்து புதர் தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆனி ஆடியில் ரிவஸ்டனில் தென்மேற்குக் காற்று ஆளையே தள்ளும். முகட்டுக்கு அந்தப்புறம் நடப்பவனின் வாடையை அந்தக் காற்று கொண்டுவந்து கொடுத்துவிடும். கீழேயிருந்து வருபவனை அதன் கண் பார்த்துக்கொள்ளும்.

மறைவு மாறினால் வழியும் மாறும். கவ்வாத்து வெட்டிய மலையைக் கொம்பன் குறுக்கே கடக்காது. கானோரமாகச் சுற்றிப் போகும். ஏலக்காய்க்காக மரத்தடியைத் துப்புரவாக்கிய காட்டில் தங்காது. கைவிட்ட ஏலத்தோட்டம் அடர்ந்துவிட்டால் திரும்பி வரும். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டையாடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: முகடு தாழும் இடம், இரண்டு மறைவுகளுக்கு நடுவே ஒடுங்கும் வழி, காற்று. அவர்களுக்கு அனுமதிப்பத்திரமும் பருவமும் உண்டு. இலங்கையில் நமக்கு 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நக்கிள்ஸ் 2000இல் பாதுகாக்கப்பட்ட காடானது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. நான் இடம் சொன்னது அதற்கும் பிறகு. தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை.

டவுனிலிருந்து மரை வேட்டைக்கு வேனில் வந்த பெரிய மனிதர்கள் டோர்ச் அடித்து அடித்துச் சலித்துப் போயிருந்தார்கள். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே" என்று முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். லயத்துப் பையனுக்கு முன் சீட்டு. வறுமையால் செய்தேன் என்று பிறகு என் மனைவியிடம் சொன்னது பொய். அந்த சீட்டுக்காகத்தான் செய்தேன்.

கொம்பன் புரண்டெழுந்த சேற்றுக்குழியைக் காட்டினேன். பக்கத்து மரத்தில் அது உடம்பைத் தேய்த்த சேறு என் நெஞ்சுயரத்தில் ஈரமாகவே இருந்தது. அதற்கும் மேலே கொம்பு உரசிப் பட்டை நார்நாராகத் தொங்கியது. "மேலே போகாதீங்க சேர். ஓடை சேர்ற இடத்துல பாறைக்குப் பின்னால நில்லுங்க. பொழுது சாய்ஞ்சா குளிர்காத்து ஓடையோட கீழே இறங்கும், உங்க வாடை அதுக்குப் போகாது. தண்ணிச் சத்தத்துல காலடியும் கேக்காது" என்றேன். வாத்தியார் மாதிரி சொன்னேன்.

வெடி பின்தொடையில் பட்டது. மரை கத்திக்கொண்டு புதருக்குள் பாய்ந்துவிட்டது. இருட்டில் அவர்களுக்குப் பின்தொடரத் தெரியவில்லை, விட்டுவிட்டுப் போகலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். துரத்துப்படும் மரை தண்ணீரைத் தேடி ஓடும். சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் நாய்களோடு மரை வேட்டையாடிய கதையை 1854இல் புத்தகமாகவே போட்டார். அதிலும் மரை கடைசியில் ஆற்றுக்குள் நின்றுதான் நாய்களை எதிர்க்கும். எங்கள் ஆட்கள் அதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. "கீழே ஒரு மடு இருக்கு, அங்கதான் போகும்" என்று நானாகவே சொன்னேன். முதலில் சொன்னதை வீறாப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. மடுவில் இடுப்பளவுத் தண்ணீரில், பாறையில் முதுகைச் சாய்த்து, கொம்பைத் தாழ்த்தி நின்றது. டோர்ச்சைப் பிடித்தவன் நான்.

என் பங்குக்கு ஒரு துண்டுத் தொடை இறைச்சியும் ஒரு போத்தல் சாராயமும் கிடைத்தன. வனத்துக்காரர்கள் பிறகு தோட்டத்துக்கு வந்து, இந்தப் பக்கம் யார் யார் வேட்டைக்கு வருகிறார்கள் என்று விசாரித்தார்கள். "தெரியாது சேர்" என்றேன். அந்த வேனில் வந்தவர்களில் ஒருவரை மாத்தளை பஸ் ஸ்டாண்டில் அவ்வப்போது காண்கிறேன். இப்போதும் நான்தான் முதலில் வணக்கம் சொல்கிறேன்.