சிங்கப்பூரில் ஒரு மீன் தலைக் குழம்பு

"தலை வேணாம், நீங்களே வச்சுக்குங்க" என்று மீன்காரரிடம் விட்டுவிட்டு வருகிற சகோதரிகளா நீங்கள்? சிங்கப்பூர் போனால் அசந்து போவீர்கள். அங்கே தலைக்குத்தான் தனி விலை, தனி மரியாதை!

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று ஒரு தெரு. மீன் தலைக் குழம்புக்குப் பேர்போன கடைகள் அங்கே உண்டு. நாத்தனார் வீட்டுக்கு மாமியாரை அழைத்துப் போயிருந்தபோது, ஒரு மத்தியானம் அங்கே சாப்பிட்டோம். வாழையிலையில் சோறு, காய், அப்பளம் எல்லாம் அவரவருக்குத் தனித்தனி. குழம்பு மட்டும் பொது. கொதிக்கக் கொதிக்க ஒரு சட்டியை நடுவில் வைக்கிறார்கள். அதில் முழுசாக ஒரு தலை! மலாயில் 'ஈக்கான் மேரா', அதாவது சிவப்பு மீன். புளியும் மிளகாயும் நம் ஊர் வாசனைதான். கூடவே வெண்டைக்காயும், அன்னாசித் துண்டும் மிதக்கின்றன.

இது நம் பாட்டி காலத்துப் பண்டம் இல்லையாம். 1949-ல் கோமஸ் என்ற கேரளத்துக்காரர் சிங்கப்பூரில் நடத்திய கடையில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர். அவர்களுக்காக அவர் தலையை நம் மசாலாவில் போட, அது பிடித்துக்கொண்டது. பிறகு சீனர்களும் தலையை முதலில் ஆவியில் வேகவைத்துத் தங்கள் பாணியில் செய்ய ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டில் நடுத்துண்டெல்லாம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். தலையும் வாலும் கடைசியில் சட்டி வழிக்கிற எங்களுக்கு. இங்கே என்னடாவென்றால், நாத்தனார் கன்னத்துச் சதையை அப்படியே பெயர்த்து முதலில் அத்தை இலையில் வைத்தாள். அதுதான் தலையிலேயே ருசியான இடம். அத்தைக்குக் கை வரவில்லை.

"முதல்ல அவன் சாப்பிடட்டும்டி."

"அண்ணன் கையிலதான் கரண்டி இருக்கேம்மா, போட்டுக்கட்டும். நீ சாப்பிடு."

எழுபது வயதில் அத்தை மகனுக்கு முன்னால் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் அண்ணாந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்!

போகிறவர்கள் நாலைந்து பேராகப் போங்கள். இரண்டு பேரால் அந்தச் சட்டியைக் காலி பண்ண முடியாது. விலையை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்கு முள் பார்த்துக் கொடுங்கள். வீட்டில் செய்வதானால் செவுளைச் சுத்தமாக எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவுங்கள். குழம்பு நன்றாகக் கொதித்து, பச்சை வாசனை போன பிறகே தலையைப் போடவேண்டும். அப்புறம் கரண்டியே போடாதீர்கள், உடைந்துவிடும். சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் போதும்.