பூம்பாறையிலிருந்து நண்டு பிடிக்க

கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திட்டம் பிறந்தது. படகில் நான்கு பேர். மதுரையில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல். மூன்று பேர் மலைக்காரர்கள். அதில் ஒருவனுக்குப் பூம்பாறை, வீட்டில் பூண்டு விவசாயம். நான்காவது ஆள் மட்டும் மண்டபம். அவன் அப்பா நாட்டுப்படகு வைத்து நண்டு வலை போடுகிறவர். பொங்கல் லீவில் மலை பார்க்க வந்த மண்டபத்தானுக்கு ஏரியைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்குப் பேரு படகாடா? எங்க ஊருக்கு வாங்க. ராத்திரியே கிளம்பி நடுக்கடல்ல வலை போடுவோம். விடியக்காலைல அள்ளிட்டு வரலாம்."

ஏரியை அப்படிக் கேலி செய்யக் கூடாது. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரைதான் ஓடைகளை மறித்து இந்த ஏரியை உண்டாக்கினார். அதில் மீன் விட்டதும் அவர்தான். முதல் படகை எங்கிருந்து கொண்டுவந்தார் தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து. ஏழாயிரம் அடி உயரத்துக்கு, மோட்டார் ரோடே இல்லாத காலத்தில்! போட் கிளப் எல்லாம் அப்புறம் 1890இல் வந்தது. ஆக, கடற்கரையிலிருந்து மலைக்குப் படகு ஏறி வந்தது பழைய கதை. மலையிலிருந்து கடலுக்கு ஆள் இறங்கிப் போவதுதான் இப்போது விஷயம்.

பூம்பாறைக்காரனுக்கு நண்டு புதிதில்லை. மழை விட்டதும் ஓடையில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும். கட்டைவிரல் பருமன் இருக்கும், சேற்று நிறம். சளி பிடித்தால் பாட்டி அதை இடித்துச் சாறு வைத்துக் கொடுப்பார். அவ்வளவுதான் அவன் அறிந்த நண்டு. மண்டபத்தான் செல்போனில் காட்டிய நீலக்கால் நண்டு தட்டு அகலம் இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டை. பார்த்த உடனே ஒரு நோட்டு எடுத்து "நண்டு டூர்" என்று எழுதி அடியில் கோடு போட்டுவிட்டான். திட்டம் போடுவதில் அவன் கெட்டிக்காரன். எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு.

முதல் வரி, தேதி. இங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

நவம்பர் டிசம்பரில் செமஸ்டர் லீவு. ஆனால் அது வாடைக்காற்று காலம். வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடையில் பாக் விரிகுடா சும்மா இருக்காது. அந்தக் கடல் ஆழமும் இல்லை. பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். கொடைக்கானல் ஏரியின் அதிகபட்ச ஆழமே 11 மீட்டர் என்கிறார்கள். "அப்போ நம்ம ஏரி மாதிரிதானே" என்று மலைக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். உண்மை நேர்மாறு. ஆழமில்லாத கடலில் காற்று அடித்தால் அலை நீளமாகப் புரளாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக வந்து மோதும். சின்னப் படகுக்கு அதுதான் ஆபத்து.

சரி, மே மாத லீவு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாள் ஆக்கினார்கள். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகலாம். ஆனால் மே கடைசியிலேயே கச்சான் காற்று கிளம்பிவிடும். மிச்சம் இருப்பது பிப்ரவரி, மார்ச். கடல் நன்றாக இருக்கும். மாடல் எக்ஸாமும் அப்போதுதான் இருக்கும்! மாணவர்களுக்காக யாரும் கடலைப் படைக்கவில்லை.

மார்ச் என்று எழுதினார்கள். மார்ச்சில் எந்தக் கிழமை? அந்தப் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இரண்டும் ஒரே நாளில் போனால் விசைப்படகின் இழுவலை நாட்டுப்படகுக்காரரின் வலையை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு. ஞாயிறு நாட்டுப்படகு நாள். நல்லது. அடுத்து நிலா. பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் கெட்டி என்பது மீன் மார்க்கெட்டில் எல்லோரும் சொல்வது. ஆகவே அமாவாசையை ஒட்டிய ஞாயிறு. ஒரு தேதி குறிக்கக் காற்று, சட்டம், கிழமை, சந்திரன், பரீட்சை என்று ஐந்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை!

இரண்டாவது வரி, இடம். மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். தனுஷ்கோடியில் இதையே பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். "தென்கடல்ல தீவு இருக்குல்ல, அங்க இறங்கி டென்ட் அடிச்சு நண்டு சுடலாம்" என்றான் மூன்றாமவன். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது, டென்ட் எங்கே அடிப்பது? அந்த வரியை அடித்தார்கள்.

வடகடலில் வேறு சிக்கல். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது, கடலில் எல்லைக்கோடு விழுந்தது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாரே சுமார் 30 கிலோமீட்டர்தான். 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு கடலுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். பூம்பாறை ரேஷன் கார்டைக் காட்டி நடுக்கடலில் என்ன விளக்கம் சொல்வது? மூன்று மலைக்காரர்களை ஏற்றிப் போனால் கேள்வி கேட்கப்படுவது படகுக்காரர்தான். பிடிபடுவதும் அவர் படகுதான்.

இதையெல்லாம் மண்டபத்தான் "அதெல்லாம் அப்பா பாத்துப்பாரு" என்றே சமாளித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஹாஸ்டல் மாடியிலிருந்து அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பூம்பாறைக்காரன் நோட்டோடு தயாராக இருந்தான்.

"அப்பா, வணக்கம்ப்பா. நாங்க மூணு பேரு வர்றோம், உங்க கூடப் படகுல வரலாமாப்பா?"

"வாங்க தம்பி, நல்லா வாங்க. நீச்சல் தெரியுமா?"

நோட்டில் அந்த வரியே இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையில் தண்ணீர் உறையும் குளிரில் யார் நீச்சல் பழகுவது?

"லைப் ஜாக்கெட் வாங்கிக்கிறோம்ப்பா" என்றான் பூம்பாறைக்காரன்.

"அது சரி. வலை இழுக்கறப்ப ஆளுங்க எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சா என்ன ஆகும் தம்பி? எங்களுக்குப் பழக்கம். உங்களுக்கு நண்டப் பாத்ததும் எந்திரிச்சு நிக்கத் தோணும். கூட்டிட்டுப் போறது பெரிசில்ல. உங்க அம்மாக்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அப்புறம் அவர் பழவேற்காட்டைச் சொன்னார். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். உறவுக்காரர்கள் கூட்டமாக ஒரே மீன்பிடிப் படகில் ஏறிப் போனார்கள். லைப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏறிய அத்தனை பேரும் ஒரு நாள் சந்தோஷமாக இருக்க வந்தவர்கள். மீன்பிடிப் படகு மீன் ஏற்றத்தான், ஆள் ஏற்ற அல்ல என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கணக்குச் சொல்வது போல இருந்தது.

கடைசியில் ஒன்று சொன்னார். அதுதான் மண்டபத்தானின் முகத்தை மாற்றியது.

"இவனையே நான் பத்தாவதுக்கு அப்புறம் ராத்திரிக் கடலுக்கு ஏத்துனதில்ல தம்பி. படிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஏரியில் அத்தனை பேச்சுப் பேசியவன் போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்தான். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்பாவின் வலை எந்தத் திசையில் விழும், எந்த நீரோட்டத்தில் நண்டு ஏறும் என்று தனக்கு இனி தெரியப்போவதில்லை என்பது அவனுக்கு அந்த மாடியில்தான் புரிந்திருக்க வேண்டும். மூன்றாமவன் வேறு கோபத்தில் இருந்தான். "காசு குடுத்தா வேற படகுக்காரங்க கூட்டிட்டுப் போவாங்க" என்றான். போவார்கள்தான். பழவேற்காட்டிலும் அப்படித்தானே ஏறினார்கள் என்று பூம்பாறைக்காரன் கேட்டதும் அடங்கினான்.

திட்டம் சுருங்கியது. ஆனால் சாகவில்லை. மண்டபத்தானே மூன்றாம் நாள் நோட்டை வாங்கிப் புதிதாக எழுதினான். படகுக்கு, தொண்டிப் பக்கம் காரங்காடு. அலையாத்திக் காடு உள்ள மீனவ ஊர். ஊர்க்காரர்களோடு சேர்ந்து வனத்துறை படகு விடுகிறது, லைப் ஜாக்கெட் உண்டு. மலைக்காரர்களின் வயிற்றுக்கு அந்த அலையே போதும். நண்டுக்கு, மண்டபம் கரை. விடியற்காலையில் அப்பாவின் படகு வரும்போது வலையோடு நண்டும் வரும்.

இங்கேதான் மலைக்காரர்களுக்குத் தெரியாத வேலை இருக்கிறது. நண்டு வலை கூடை மாதிரி இருக்கும் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அது நரம்பு வலை. கீழே கனம், மேலே மிதவை, கடலடியில் சுவர் போல நிற்கும். இரவில் இரை தேடி நகரும் நண்டு காலைக் கொடுத்துச் சிக்கிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் கால் ஒடியாமல் பிரித்தெடுக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே செய்வார்கள். புது ஆள் கை வைத்தால் கொடுக்கு விடாது. கால் ஒடிந்தால் விலை குறையும். இதன் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரைக்கும் போகிற சரக்கு. ஆகவே நல்ல நண்டில் கை வைக்க வேண்டாம், முதலில் ஒடிந்ததில் பழகட்டும் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பினார்.

நோட்டில் ஒரு பக்கம் முழுக்க நண்டுப் படம். வயிற்று மடிப்பு கூராக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே முட்டை திரண்டிருந்தால் சினை நண்டு. முட்டை முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் சமயம் கறுத்துவிடும். ஒரு நண்டில் லட்சக்கணக்கில் முட்டை. அது வலையில் வந்தால் உயிரோடு கடலில் விட்டுவிடுவதுதான் நல்லது, எல்லோரும் விடுவதில்லை. கடல் அட்டை, கடல் குதிரை கண்ணில் பட்டால் தொடவே கூடாது. 2001 முதல் அவை சட்டத்தில் புலிக்குச் சமம். ஞாபகார்த்தமாக ஒன்று பையில் போட்டுக்கொண்டு வந்தால் ஜெயில்தான்.

பஸ் விவரம் ஒரே வரி. பூம்பாறை, கொடைக்கானல், வத்தலக்குண்டு, மதுரை, ராமநாதபுரம். ஸ்வெட்டர் வேண்டாம் என்று மண்டபத்தான் தனியாக எழுதிக் கோடு போட்டிருந்தான். சனிக்கிழமை இரவு பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அடுத்த வாரம் என்பது அதற்குக் கீழே. பூம்பாறைக்காரன் சேர்த்தது அது.

எவ்வளவு பணம் கொடுப்பது என்பதில் கொஞ்சம் இழுபறி. ஒரு காலை முழுக்க மூன்று பேர் வேலைக்குக் குறுக்கே நிற்கப்போகிறார்கள், சும்மா வரக் கூடாது என்றான் பூம்பாறைக்காரன். பணம் கொடுத்தால் அப்பா வாங்க மாட்டார் என்றான் மற்றவன். மறுபடி போன். இந்த முறை எடுத்தது அம்மா.

"காசெல்லாம் வேண்டாம்னு சொல்லு. அந்தத் தம்பி வீட்டுல மலைப்பூண்டு போடுறாங்கன்னியே, ரெண்டு கிலோ கொண்டாரச் சொல்லு. இங்க கடையில கிடைக்கிறது நண்டுக் குழம்புக்கு ஒறைக்கவே மாட்டேங்குது."