'லென்ஸ் பெருசா இருக்குறது கிட்ட போறதுக்கு இல்ல தம்பி!' - ஏரிக்கரையில் ஒரு கேமரா பாடம்

மார்ச் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி. வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்ச். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் நாலு பேர், மடியில் நாலு கேமராக்கள். டீ கிளாஸைக் கீழே வைத்தாலும் வைப்பார்கள், கேமராவை வைக்க மாட்டார்கள்.

"ஐநூறு எம்.எம் பத்தலை சார். அறுநூறு இருந்திருந்தா அந்தக் கூழைக்கடாவோட கண்ணு தனியா தெரிஞ்சிருக்கும்."

"கண்ணு தெரியலைன்னா அது லென்ஸ் குத்தம் இல்லம்மா. ஷட்டர் எவ்ளோ வெச்சீங்க? ஐநூறா? பறக்குற பறவைக்கு ரெண்டாயிரமாச்சும் வேணும்."

பேசுகிறவர் ஓய்வு பெற்ற தபால் ஊழியர். எல்லோருக்கும் அவர் 'சார்'. கேட்டுக்கொண்டிருப்பவர் ஐ.டி கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா. வாயே திறக்காமல் இருவரின் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்த 26 வயது இளைஞர். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று போட்டோ எடுப்பது அவர் தொழில். கையில் இருந்தது ஒரு பழைய கிராப் சென்சார் கேமராவும் 55-250 லென்ஸும்.

அவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் 150-600 லென்ஸை விற்கிறார். வீட்டில் மனைவியின் அஞ்சு பவுன் சங்கிலி இருக்கிறது. மனைவியும் 'வெச்சுக்கோங்க'ன்னு சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அடகுக்கடைக்குப் போவதாக முடிவு.

ஏன் இவ்வளவு விலை?

கடைசியில் கேட்டேவிட்டார். "சார், அந்தப் பெரிய லென்ஸெல்லாம் பத்து லட்சத்தைத் தாண்டுதே... அப்படி என்னதான் இருக்கு உள்ள?"

சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "600 எம்.எம், எஃப் 4 லென்ஸ்னு வெச்சுக்குங்க. 600-ஐ நாலால வகுத்தா எவ்ளோ? 150. அதாவது முன்னாடி இருக்குற கண்ணாடியே பதினஞ்சு சென்டிமீட்டர் அகலம் இருக்கணும். ஒரு டிபன் தட்டு சைஸுக்கு, கொஞ்சம்கூட குறை இல்லாம ஒரு கண்ணாடியைத் தேய்ச்சு எடுக்கணும். அதுக்குத்தான் அந்த விலை. அதே 600-ல எஃப் 6.3-ன்னா 95 மில்லிமீட்டர் போதும். விலையும் இறங்கும், வெளிச்சமும் இறங்கும்."

"என்கிட்ட 250-தான் சார் இருக்கு."

"உங்க கேமரா கிராப் சென்சார் இல்லையா? 1.6-ஆல பெருக்குங்க. 400 எம்.எம் போட்ட மாதிரி பார்வை கிடைக்கும். அது ஒண்ணும் கம்மி இல்ல தம்பி."

இளைஞருக்கு அந்தப் பதில் போதவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தார்.

ஏரிக்குள் நாலு முட்டை

போகிற வழியில், தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த ஒரு ஏரி. ஓரத்தில் காய்ந்த மண்ணும் கூழாங்கல்லுமாக இருந்த இடத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி உட்கார்ந்திருந்தது. கறுத்த தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, மஞ்சள் கால்கள். எழுந்தபோதுதான் தெரிந்தது, அதன் அடியில் நாலு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் கல். அவ்வளவுதான்.

250-ல் பறவை சின்னதாகத் தெரிந்தது. பத்தடி முன்னால் போனார். இன்னும் பத்தடி. பறவை எழுந்து தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியது. அதன் ஜோடியும் வந்து சேர்ந்துகொண்டது. 'ஆஹா, பறக்கும்போது எடுக்கலாம்' என்று மண்ணில் குப்புறப் படுத்தார். ஒரு படம், பத்து படம், முப்பது படம்.

"தம்பி... எழுந்து வாங்க!"

கரைமேல் சாரின் கார் நின்றிருந்தது. அதே வழியில் திரும்பிக்கொண்டிருந்தவர், பைக்கைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. இளைஞர் எழுந்து வந்தார்.

"அது போஸ் குடுக்கல தம்பி, உங்களைத் திட்டிட்டு இருக்கு. ஆள் வந்தா காட்டிக்கொடுக்குறதாலதான் அதுக்கு ஆள்காட்டின்னே பேரு. மணி இப்ப பத்தரை. வெயிலைப் பாருங்க. இந்தப் பறவை முட்டை மேல உட்கார்றது சூடு ஏத்துறதுக்கு மட்டும் இல்ல, நிழல் குடுக்குறதுக்கும்தான். வெயில் காலத்துல தண்ணிக்குப் போய் வயித்து இறகை நனைச்சுட்டு வந்து முட்டை மேல உட்காரும். நீங்க அங்க படுத்திருக்குற ஒவ்வொரு நிமிஷமும் அந்த நாலு முட்டையும் வெயில்ல வேகுது. காக்கா வேற பார்த்துட்டே இருக்கும்."

இளைஞருக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியாது சார். என் லென்ஸ் சின்னது, அதான் கிட்ட போனேன்."

"லென்ஸ் பெருசா இருக்குறது கிட்ட போறதுக்கு இல்ல தம்பி, தள்ளி நிக்குறதுக்கு. பெரிய லென்ஸை வெச்சுக்கிட்டு இன்னும் கிட்ட போறவங்களையும் நான் பார்த்திருக்கேன்."

இருவரும் காருக்குள் உட்கார்ந்தார்கள். கண்ணாடியைப் பாதி இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆனது, பறவை வரவில்லை. எட்டு நிமிடம் ஆனது, அப்போதும் வரவில்லை. இளைஞர் படமெடுப்பதையே மறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது நிமிடம் பறவை தத்தித் தத்தி வந்து, முட்டைகளைக் காலால் லேசாக ஒதுக்கி, இறகை விரித்து உட்கார்ந்தது. அவர் விட்ட பெருமூச்சு சாருக்குக் கேட்டது.

காருக்குள் நடந்த வகுப்பு

"கார்தான் நல்ல மறைவிடம். மனுஷன் நடந்து வந்தா பயப்படுற பறவை, நிக்குற காரைப் பார்த்து அவ்வளவா பயப்படாது" என்று ஆரம்பித்தார் சார். காலை எட்டரைக்கு மேல் ஏரி மண்ணிலிருந்து சூடான காற்று எழும். அது படத்தைக் கலக்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைச் சரிசெய்யாது. விடிந்ததும் வரும் சாய்ந்த வெளிச்சம் இலவசம். கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்கி வைப்பதும் இலவசம். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தால் இறகின் கோடுகள் தெரியும். டெலி கன்வெர்ட்டர் 1.4 மடங்கு இழுத்துக் கொடுக்கும், ஆனால் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிட்டுவிடும்.

பிறகு மா.கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னார். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து, 1996-ல் மறையும் வரை காட்டையும் பறவைகளையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். யானை மேல் உட்கார்ந்து கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர். அவருடைய கேமரா, ஒரு கம்பெனியின் பாடியும் இன்னொரு கம்பெனியின் லென்ஸுமாக அவரே சேர்த்துக் கட்டியது. "அவர் விலங்கைத்தான் முதல்ல படிச்சார் தம்பி. கேமரா அப்புறம்தான்."

"அப்ப லென்ஸ் வாங்கவே வேணாமா சார்?"

"வேணாம்னு சொல்லல. நகையை வெச்சு வாங்க வேணாம். மெட்ராஸ்ல நாள் வாடகைக்குக் கிடைக்குது. ரெண்டு நாள் எடுத்துப் பாருங்க. கல்யாண சீசன் முடியட்டும், கைக்காசுல வாங்குங்க."

இளைஞர் நகை விஷயத்தை சாரிடம் சொல்லவே இல்லை. "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கு முதல் லென்ஸ் எப்படி வந்துச்சுன்னு நினைக்குறீங்க? அந்த வளையலைத் திருப்ப மூணு வருஷம் ஆச்சு" என்றார் சார், ஏரியைப் பார்த்தபடி.

'எத்தனை இருக்குன்னு சொல்லு'

திங்கட்கிழமை அடகுக்கடைப் பயணம் நடக்கவில்லை. எடுத்த முப்பது படங்களையும் இளைஞர் அழித்துவிட்டார். கூட்டின் படத்தைப் போட்டால் இடத்தைத் தேடி நாலு பேர் வருவார்கள் என்று சார் சொன்னது காதிலேயே இருந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் விடியற்காலையில் கரைமேலிருந்தே பார்த்துவிட்டு வந்தார். இந்த முட்டைகள் பொரிக்க நாலு வாரம் போல ஆகும். ஒரு வாரம் போனபோது பள்ளம் காலியாக இருந்தது. பறவையும் இல்லை. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்துவிடும். ஆனால் காக்கையோ நாயோ எடுத்துப் போயிருந்தாலும் பள்ளம் காலியாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று தலைக்கு மேல் கத்தல் எதுவும் கேட்கவில்லை.

கிளம்பலாம் என்று எழுந்தபோது தண்ணீர் ஓரத்தில் ஏதோ அசைந்தது. தாய்ப்பறவை. அதன் பின்னால் கூழாங்கற்கள் நடப்பதுபோல் சில குஞ்சுகள். தாய் ஒரு குரல் கொடுத்ததும் அத்தனையும் அப்படியே மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டன. இருந்த இடத்திலிருந்தே 250-ல் ஒரு படம் எடுத்தார். பெரும்பகுதி வெறும் ஏரி மண். ஓரத்தில் சின்னதாக ஒரு பறவை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் போனை நீட்டினார். "குஞ்சு எத்தனை இருக்குன்னு சொல்லு பார்ப்போம்."

மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, இங்கும் அங்கும் நகர்த்தித் தேடினார். குனிந்தபோது கழுத்துச் சங்கிலி போன் திரையில் பட்டது. அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... இந்தா, இந்தக் கல்லுக்குப் பக்கத்துல மூணு."

மூன்றாவதை அதுவரை அவரும் பார்த்திருக்கவில்லை.

"நாலாவது எங்க?" என்றார் மனைவி.

இருவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.