இளங்காற்றும் ஏற்ற பாயும்

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டில் பிறந்த பழமொழி. நெல்லையும் பதரையும் பிரிக்கும் உழவனுக்கு அவ்வறிவுரை போதும். காற்று நின்றுவிட்டால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் மறுநாள்வரை காத்திருக்கலாம். நடுக்கடலில் நிற்கும் கடலோடியின் நிலை வேறு. காத்திருக்குந்தோறும் அவனுடைய குடிநீர் குறையும், உணவும் குறையும். ஆதலின், காற்று உள்ளபோது செய்வதை மட்டுமன்றி, காற்று மெலிந்தபோது செய்ய வேண்டியதையும் அவன் கற்றாக வேண்டும். காற்றிற்கு ஏற்ற பாயைத் தேர்வதும், தேர்ந்ததை முறையாகக் கட்டுவதும் அக்கல்வியின் முதற்பாடங்கள்.

மலாக்கா நீரிணை இப்பாடத்திற்கு நல்லதொரு பள்ளிக்கூடம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்திராவின் மலைத்தொடர் தடுக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றைத் தீபகற்பத்தின் நடுமலை தடுக்கிறது. இரு மதில்களுக்கு இடையே அமைந்த முற்றம்போலக் கிடக்கும் இந்நீரிணையில், திறந்த கடலின் பெருங்காற்றும் பெரும்பாலும் இளைத்தே வந்து சேர்கிறது. பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் மாறி மாறி வீசும். இடையிடையே, விடியற்பொழுதில், 'சுமத்திரா' என்றே பெயர் பெற்ற சூறைக்காற்று மழையோடு சீறிவந்து விரைவில் ஓய்ந்துவிடும். அமைதியும் சீற்றமும் அடுத்தடுத்து அமைந்த கடல் இது.

இக்கடலைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா உலக வணிகத்தின் கூடமாக விளங்கியபோது, அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரும் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் அடங்கினர். 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், தங்கள் ஏடுகளில் 'நினா சத்து' எனக் குறிக்கும் தமிழ் வணிகரைப் பெண்டஹாராவாக அமர்த்தினர். வந்த காற்றிலேயே திரும்ப இயலாத வணிகர், காற்றுத் திசைமாறும்வரை மாதக்கணக்கில் இங்குத் தங்கினர். சிலர் இம்மண்ணின் பெண்டிரை மணந்து நிலைத்தனர். அவர்தம் வழிவந்தோரே மலாக்காச் செட்டிகள். 1781இல் எழுந்த ஶ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அம்மரபின் கண்கண்ட சான்று. காற்றுக்காகக் காத்திருந்த காலம் ஒரு சமூகத்தையே ஈன்றது எனலாம். மலாய் மொழியில் இன்றும் வழங்கும் 'காப்பால்' என்னும் சொல், தமிழ்க் கப்பல் இக்கரைக்கு இறக்கிவைத்த சரக்குகளுள் ஒன்றேயாகும்.

இத்தகைய மரபு இருந்தும், ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு தமிழ்ப்பள்ளி மாணவனிடம் 'பாய்' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டால், படுக்கும் பாய் என்றே அவன் விடை கூறக்கூடும். அதில் வியப்பில்லை. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரைப் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்கு வந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் நீராவிக் கப்பலில் வந்தவர்கள். 1926இல் கடலில் இறக்கப்பட்ட 'ரஜூலா' அவர்களின் நினைவில் நீங்கா இடம் பெற்றது. அக்கப்பலுக்கு இயந்திரம் இருந்தது, பாய் தேவைப்படவில்லை. தளத்தில் மூட்டையோடு மூட்டையாக அமர்ந்து வந்தவர்க்குக் காற்றின் திசையை நோக்க வேண்டிய தேவையும் இல்லை. எனவே பாயை உயர்த்தும் கயிறாகிய 'ஆஞ்சான்', பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய 'பருமல்' முதலிய சொற்கள் தோட்ட வீடுகளுக்குள் நுழையாமலே அகராதியில் தங்கிவிட்டன. சங்க நூல்கள் பாயை 'இதை' என்றும் பாய்மரத்தைக் 'கூம்பு' என்றும் வழங்குவதும் அம்மாணவனுக்கு எட்டாத செய்தியாயிற்று.

ஆயினும் அவன் கூறும் விடை முற்றும் பிழையன்று. தமிழில் படுக்கையும் கப்பலின் இதையும் ஒரே சொல்லால் வழங்குவதற்குப் பொருள் உண்டு. துணி பரவலாகும் முன்னர் உலகின் பல கடல்களில் முடைந்த பாயே காற்றை ஏந்திற்று. மலாய்த் தீவுகளில் தாழை இனத்து ஓலைகளை முடைந்து கப்பற்பாய் செய்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த மெங்குவாங் ஓலையில் முடைந்த பாயைத்தான் மலாக்காவின் கம்பங்களில் விரித்து அமர்கின்றனர். மாணவன் அறிந்த பாயிலிருந்தே அறியாத பாய்க்கு அவனை அழைத்துச் செல்லலாம். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கற்பித்தல் ஆசிரியர்க்குப் புதிதன்று.

அடுத்த பாடத்திற்குத் தோட்ட வீட்டின் துணிக்கொடியே போதும். ஒரு கைலியை நான்கு முனையும் விறைக்க இழுத்துக் கட்டினால், மெல்லிய காற்று அதன்மீது வழுக்கிச் செல்லும். சற்றே தளர்த்தினால், துணி வயிறு வைத்துக் காற்றை வாங்கும். அவ்வளைவைச் சுற்றி ஓடும் காற்று, துணியின் ஒருபுறத்து அழுத்தத்தைக் குறைத்து அதனை ஈர்க்கிறது. பறவையின் சிறகு செய்யும் வேலையும் இதுவே. ஆனால் மிகத் தளர்த்திவிட்டால், மெலிந்த காற்றால் அவ்வளவு ஆழமான வளைவைத் தொடர்ந்து ஓட முடியாது. அது துணியை விட்டுப் பிரிந்துவிடும். பாய் அப்போது ஆடுமேயன்றி இழுக்காது. விறைப்பும் கூடாது, துவள்வும் கூடாது. இளங்காற்றில் பாய் கட்டும் கலையின் சாரம் அவ்விரண்டின் இடையில் உள்ளது.

இனி, பாயின் அளவு. காற்று மெலிந்தால் பாயைப் பெரிதாக்க வேண்டும் என்று எவரும் எண்ணுவர். கணக்கு அதற்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை காற்பங்காகக் குறையும். இழந்த விசையைப் பாயைக்கொண்டே மீட்பதானால், அதனை நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். அத்தனை பெரிய பாயைச் சிறிய கலம் தாங்காது. அதன் எடையே சுமையாகும். திடீரெனச் சுமத்திராச் சூறை வந்தால் அதுவே கூற்றமாகும். அவ்வாறாயின் வழி யாது?

கலத்தைப் பின்னுக்கு இழுக்கும் தடையைக் குறைப்பதே வழி. விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகை விளையாட்டில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த மாற்றம் இதனை நன்கு விளக்குகிறது. பலகையின் அடியில் ஒரு தண்டும், தண்டின் நுனியில் விமானத்தினுடையதைப் போன்ற சிறகும் பொருத்துகின்றனர். வேகம் சற்றுக் கூடியதும் அச்சிறகு நீருக்குள் இருந்தவாறே பலகையை மேலே தூக்குகிறது. பலகை நீரைவிட்டு எழும்போது தடை வெகுவாகக் குறைகிறது. முன்னர்ப் பெரும்பாய் வேண்டியிருந்த இளங்காற்றில், இப்போது அதனினும் சிறிய பாயே போதுமானதாகிறது. எழும்வரைதான் முயற்சி தேவை. பாயைக் கைகளால் விசிறி விசிறி இழுத்து, அந்தத் தொடக்க வேகத்தை ஊட்ட வேண்டும். எழுந்தபின் சிறுகாற்றும் சுமந்து செல்லும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்வகைப் பலகை முதன்முறையாக இடம்பெற்றது. போட்டிகள் மார்செய் நகரின் கடலில் நடந்தன. ஆடவர்க்கு 9 சதுர மீட்டர், மகளிர்க்கு 8 சதுர மீட்டர் என ஒரே அளவுப் பாய். காற்றுக் கூடினும் குறையினும் மாற்ற இயலாது. பாயின் பின்முனைக் கயிற்றைத் தளர்த்தி வயிறு வைப்பதும், இறுக்கித் தட்டையாக்குவதுமே போட்டியாளர் கையில் இருந்தன. ஆகஸ்டு 2ஆம் நாள் நடக்க வேண்டிய இறுதிச் சுற்று, போதிய காற்று இன்மையால் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வல்லவர்க்கும் காற்று கடன்பட்டதன்று.

காற்றின் தொழிலையே ஆண்டவன் எனக் கரிகாலனின் முன்னோனைப் புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார் போற்றுகிறார். காற்றை எவரும் படைத்ததில்லை. அதன் இயல்பை அறிந்து, அதற்கேற்பக் கலத்தைச் செலுத்துவதே அதனை ஆளுதல்.

ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. தோட்ட மக்கள் மலாக்காவுக்கும் அலோர் காஜாவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இன்று வகுப்பிற்கு விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரே உள்ளனர். இது தமிழ்க்கல்விக்கு இளங்காற்றுக் காலம். முன்பு வீசிய பெருங்காற்றை நினைந்து பெருமூச்சு விடுவதால் கலம் நகராது. பெரிய பள்ளிக்கென வகுத்த ஆரவாரங்களையெல்லாம் சிறிய பள்ளியின்மீது ஏற்றுவதும் தகாது. அது தாங்கமுடியாத பாயைக் கட்டுவதை ஒக்கும். பின்னுக்கு இழுக்கும் தடைகளை ஒவ்வொன்றாகக் களைய வேண்டும். ஐந்து பேர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொரு மாணவன் முகத்தையும் ஆசிரியர் நாள்தோறும் படிக்கலாம். ஐம்பது பேர் வகுப்பில் அது கூடுவதன்று. சிறுமையே அங்குச் சிறகாகலாம். விறைப்பும் துவள்வும் இன்றிக் கட்டிய பாயைப்போல, கண்டிப்பும் கனிவும் அளவோடு அமைய வேண்டும். தொடக்கத்தில் கை வலிக்க விசிறத்தான் வேண்டும்.

நாளைக் காலை ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் 'பாய்' என்று எழுதி, அதன் இரண்டாவது பொருளையும் மாணவர்க்குச் சொல்வாராக. சாளரத்துக்கு வெளியே துணிக்கொடியில் ஒரு கைலி அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவுக்குப் போதுமான காற்று, பாடத்தைத் தொடங்கவும் போதும்.