கணவாய் வாயிலில் களிப் பானை

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஊத்தங்கரைக்கு அப்பால் இருக்கிறது சிங்காரப்பேட்டை. அதற்குக் கிழக்கே செங்கம் கணவாய். பாராமகால் சீமையிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்குவோருக்கு இயற்கை திறந்து வைத்த வாசல் அது. 1767-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் சேனையும் கர்னல் ஸ்மித்தின் சேனையும் செங்கத்தருகே கைகலந்தன. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. சேனைகள் வந்த வழியே போய்விட்டன. ஏர் கட்டவும் வியாபாரம் செய்யவும் வந்த குடும்பங்களோ இங்கேயே தங்கிவிட்டன. அதனால்தான் இந்த ஜில்லாவில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் தக்கணி உருதுவும் இன்றும் காதில் விழுகின்றன.

வந்தவர்கள் கொண்டுவந்த சொத்தில் நகையும் நிலமும் பங்கு பிரிந்து போயிருக்கும். பங்கு பிரியாமல் தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வந்த சொத்து ஒன்றுண்டு. அது அடுப்பங்கரை வித்தை.

கேழ்வரகுக் களியையே எடுத்துக்கொள்வோம். தமிழர் வீட்டில் அது களி. கன்னடர் வீட்டில் முத்தே. தெலுங்கர் வீட்டில் சங்கடி. பெயர் மூன்றானாலும் பானை ஒன்றுதான். உலை கொதித்ததும் நொய்யைப் போட்டுக் குழைய வேகவைக்கிறார்கள். பிறகு மாவை நடுவில் குவித்துக் கொட்டுகிறார்கள். உடனே கிண்டிவிடலாகாது, கிண்டினால் கட்டி தட்டிப் போகும். குவியலின் நடுவே கோலால் ஒரு துளை செய்து, ஆவி ஏறி மாவு வேகும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். பின்னர்ப் பானையை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, தோள் வலிக்கக் கிண்டி, ஈரக் கையால் உருட்டி எடுக்கிறார்கள். அதை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது பெரியோர் கட்டளை. கன்னட வீடுகளில் அதற்குத் துணை பஸ்ஸாரு. கீரையும் பருப்பும் வெந்த நீரை வடித்து மசாலை அரைத்துச் சாறு ஆக்குவார்கள். வடித்ததைத் தாளித்துப் பொரியல் ஆக்குவார்கள். ஒரு பானையில் இரண்டு பதார்த்தம். ஏழைக் குடும்பத்தின் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தக் களிக்குக் கடல் கடந்த உறவும் ஒன்று இருக்கிறது. இத்தாலியச் சமையல் என்றால் பட்டணத்துப் பெரிய ஹோட்டல்களை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வட இத்தாலியில், வெனிஸைச் சுற்றிய கிராமங்களில், குடியானவனின் நித்திய ஆகாரம் 'பொலெந்தா'. அது என்ன என்கிறீர்களா? மக்காச்சோள மாவுக் களிதான்! தாமிரக் கொப்பரையில் நீர் கொதிக்க, மாவைத் தூவி, மரக்கோலால் வெகு நேரம் கிண்டி, பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்துப் பரிமாறுகிறார்கள். 1875 முதல் அந்தக் குடியானவர்கள் வறுமை தாளாமல் கப்பலேறி, பிரேஸில் தேசத்தின் தென்கோடியான ரியோ கிராண்டே தோ சுல்லில் குடியேறினார்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அங்கே இத்தாலிய மொழி பேசுவதே தடுக்கப்பட்டது. பேச்சு அடங்கிற்று, கொப்பரை அடங்கவில்லை. அவர்கள் பேசும் 'தலியான்' மொழியை 2014-இல் அதே பிரேஸில் தேசம் தன் கலாசாரச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் பொலெந்தா உண்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு துயரமும் உண்டு. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துத் தானியம். மெக்ஸிகோவின் ஆதிக்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகே அரைப்பார்கள். தானியம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அந்தச் சுண்ணாம்பு வித்தை கூடவே ஏறவில்லை. வேறு ஆகாரமின்றிப் பொலெந்தாவையே உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி கலங்கி, உயிர் போயிற்று. 1771-இல் 'பெல்லாக்ரா' என்று பெயர் பெற்ற அந்நோய்க்குக் காரணம் நயாஸின் என்னும் சத்துக் குறைவே என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று. மெக்ஸிகோவின் பாட்டிமார் காரணம் அறியாமலே காரியத்தைச் சரியாகச் செய்து வந்தார்கள்.

நம் கேழ்வரகும் வந்தேறிதான். அதன் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். வெகு காலத்துக்கு முன்பே இங்கு வந்து, மழை குறைந்த இந்த மண்ணோடு ஒன்றிவிட்டது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் மலிவு அரிசி வந்ததும், களி என்றால் இளக்காரமாயிற்று. 1970-களுக்குப் பின் ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகின; பல மாகாணத்தாரும் வந்து, கோதுமை ரொட்டியும் தங்கள் ஊர்க் குழம்பும் கொண்டுவந்தார்கள். அது நல்லதே. வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பது இந்தச் சீமையின் பழைய குணம்.

2023-ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டில் பக்கத்துத் தருமபுரி ஜில்லாவிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். தானியம் கடைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் கடை கொடுப்பது தானியம் மட்டுமே. மாவை எப்போது கொட்டுவது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எதைத் துணையாக வைப்பது என்பதைக் கடைக்காரர் சொல்லித் தரமாட்டார். அதைச் சொல்லத் தெரிந்த பாட்டிமார் இந்தச் சாலையோரத்து வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கோல் இருக்கும்போதே பேத்திகளும், பேரன்களுந்தான், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.