கொல்லைப்புறத்து விருந்தாளி

மாமியார் சொல்லுகிற நல்ல வார்த்தை மருமகளின் காதில் ஏறுவதற்கு எத்தனை தூரம் போக வேண்டும்? என் விஷயத்தில், திருப்பரங்குன்றத்திலிருந்து கோடியக்கரை வரை போக வேண்டியிருந்தது!

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தென்கால் கண்மாய்தான். குப்பை வண்டி வருகிற நேரத்தில் எனக்கு அடுப்படியில் கை ஒழியாது. ஆகவே, குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கண்மாய்ப் பக்கம் வீசிவிடுவது என் வழக்கம்.

"ஏத்தா, தண்ணி கிடக்குற இடத்துல இப்படிப் போடலாமா?" என்பார் அத்தை.

"அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது, அத்தை? வெறும் சேறுதானே!" என்பேன் நான்.

இதனாலேயே எங்களுக்குள் கொஞ்ச நாளாகப் பேச்சு அளவாகத்தான் இருந்தது.

சென்ற தை அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலில் நீராடி, மாமாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார். என் கணவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. "நீயே அழைத்துக்கொண்டு போய் வாயேன்!" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். பையன் பாபுவும் தொற்றிக்கொண்டான். காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று பஸ் மாறி மாறி வேதாரண்யம் போய்ச் சேர்வதற்குள் எனக்கே இடுப்பு கழன்றுவிட்டது. பாவம், முழங்கால் வலிக்காரி அத்தை ஒரு வார்த்தை முனகவில்லை.

கடல் நீராடி, திதியும் கொடுத்து முடித்த பிறகு, "அப்பத்தா, மான் பார்க்கணும்!" என்று பாபு பிடிவாதம் பிடித்தான். கடற்கரைக்குப் பக்கத்திலேயே சரணாலயம். 1967-இல் அரசாங்கம் ஏற்படுத்தியது. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக வெளிமான்கள் புல்வெளியில் துள்ளின. எந்தக் காலத்திலோ வீட்டில் வளர்ந்து, பிறகு காடு ஏகிவிட்ட குதிரைகளின் சந்ததி தன்பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தது.

காட்டைத் தாண்டினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கணுக்கால் தண்ணீரும் சேறும்.

"இந்தச் சேற்றைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அங்கிருந்த வனக் காவலர் சிரித்துக்கொண்டே தம் தொலைநோக்கியை நீட்டினார். பார்த்தேன். தூரத்தில் ரோஜா வர்ணத்தில் ஒரு கோடு. பூநாரைக் கூட்டம்! ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்து, அலகாலேயே தண்ணீரைச் சல்லடையாய்ச் சலித்துக்கொண்டிருந்தது. அந்த நிறமே அவை தின்னும் தீனியிலிருந்து வருவதுதானாம். தீனி குறைந்தால் நிறமும் வெளுத்துவிடுமாம்.

இன்னும் கிட்டத்தில், சிட்டுக்குருவி அளவில் நூற்றுக்கணக்கான பறவைகள் சேற்றைக் குத்திக் குத்தி ஓடின.

"கொசு உள்ளான், அம்மா. வட துருவத்தை ஒட்டிய சைபீரியாவில் பிறந்தவை. அங்கே பனி மூடுவதற்கு முன்னால் பல ஆயிரம் மைல் பறந்து வருகின்றன" என்றார் காவலர்.

சலீம் அலி இங்கே வந்து ஆராய்ந்ததையும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையம் மாட்டி வழித்தடம் கண்டறிவதையும் விவரித்தார். 2002-இல் இந்தச் சதுப்பு நிலம் ராம்சார் என்னும் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்ததாம். 2018-இல் கஜா புயல் மரங்களைச் சாய்த்து, மான்களையும் குதிரைகளையும் வாரிக்கொண்டு போனதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"அதற்கப்புறமும் பறவைகள் வருகின்றன. இந்தச் சேறு இருக்கிற வரையில் வரும். இதற்குள்ளே புழு, பூச்சி, நத்தை எல்லாம் இருக்கிறதே! நமக்குத்தான் அம்மா சேறு. அவற்றுக்கு இது சாப்பாட்டு இலை."

"நம்ம கண்மாயிலயும் இது மாதிரி ஒண்ணு திரியுதே!" என்றார் அத்தை மெதுவாக.

"திரியும் பாட்டி! அது பொறி உள்ளானாக இருக்கும். அதுவும் வடக்கேயிருந்து வருவதுதான்."

அத்தை என் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. 'பார்த்தாயா?' என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் விடியற்காலையில் வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொல்லைக் கதவைத் திறந்தேன். சேற்றில் ஒரு பறவை. பழுப்பு முதுகில் வெள்ளைப் பொட்டு. வாலை ஆட்டி ஆட்டி இரை தேடிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு அடி தள்ளி, நான் வீசிய நீலப் பை கிழிந்து கிடந்தது. எத்தனை கடல், எத்தனை மலை தாண்டி வந்த விருந்தாளி! அதன் இலையிலா என் வீட்டு எச்சிலைக் கொட்டினேன்?

ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான்காவது பையைப் பொறுக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு, கையில் விளக்குமாறுடன் அத்தை!

"உங்களுக்கு முழங்கால் வலி. நீங்கள் எதற்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தம் போடாதத்தா! சாப்பிடுற புள்ளை பறந்துறப் போகுது" என்றார் அத்தை.

இப்போதெல்லாம் குப்பை வண்டியின் மணி கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். பால் பொங்கினால் பொங்கட்டுமே!